பேரணிக்கு முன்னால் ஒரு பூட்டு, ஒரு விளக்கு, ஓர் அக்கா

கேள்வி இது: "எங்கள் ஊர் இளைஞர் மன்றமும் பெற்றோர் சிலருமாகச் சேர்ந்து, பதின்ம வயதுப் பிள்ளைகளின் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது நடக்கிற மாதிரி ஏதாவது செய்ய நினைக்கிறோம். போன வருஷம் மட்டும் ஊரில் இரண்டு பிள்ளைகளை இழந்துவிட்டோம். விழிப்புணர்வுப் பேரணி, டாக்டரை அழைத்து ஒரு கூட்டம் என்று ஆரம்பிக்கலாமா? மற்ற இடங்களில் எதைச் செய்து பலன் கிடைத்திருக்கிறது?"

அந்த இரண்டு வீடுகளின் துக்கம் ஊர் முழுக்க இருக்கும் என்று தெரியும். அதற்கு நடுவிலும் அடுத்து என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுகிறீர்களே, அதற்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பேரணியும் கூட்டமும் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஆரம்பித்த ஊர்கள் பெரும்பாலும் அதிலேயே முடித்துக்கொள்கின்றன. போட்டோ எடுத்தாயிற்று, உறுதிமொழி வாசித்தாயிற்று, ஏதோ செய்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. பள்ளி நலத் திட்டங்களை ஒட்டிப் பல வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான்: பிள்ளைகளிடம் நாம் என்ன பேசுகிறோம் என்பதைவிட, அவர்களைச் சுற்றி என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்பதுதான் கணக்கில் வருகிறது. பூச்சிமருந்து டப்பா எங்கே இருக்கிறது, சாயங்காலம் போக இடம் இருக்கிறதா, மனசு விட்டுப் பேச ஒரு பெரியவர் கிடைப்பாரா, தோற்றால் மறுவாய்ப்பு உண்டா, இப்படி.

பேச்சு மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நீண்ட அனுபவம் உண்டு. 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் ‘டேர்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடை போட்ட போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து, போதையின் தீமைகளைப் பாடமாக நடத்துவார்கள். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. பிறகு ஆய்வாளர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளையும் உட்காராதவர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் தெரியவில்லை. நம் பள்ளிகளில் ஜூன் 26 அன்று போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். எடுக்கட்டும். ஆனால் அதே பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் கிடைக்கிறது என்றால், பிள்ளைக்குப் பாடம் நடத்துவது அந்தக் கடைதான். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது என்று 2003-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்தை அளந்து, உள்ளே எத்தனை கடை என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை. கடைக்காரரும் நம் ஊர்க்காரர்தான், அவர் பிள்ளையும் அதே பள்ளியில்தான் படிக்கும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். பல இடங்களில் அதிலேயே முடிந்துவிடும்.

இனி, பலன் தந்த ஏற்பாடுகளுக்கு வருகிறேன். முதல் உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தோற்றால், திரும்ப எழுதிப் பாஸ் ஆனாலும் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு வருஷம் போய்விடும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் காலேஜ் போகும்போது, இவன் மட்டும் வீட்டில் உட்கார்ந்து தெருவில் உள்ளவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பதினேழு வயதில் அது தாங்க முடியாத பாரம். தேர்வு முடிவு வருகிற வாரம் என்றாலே மனநல மருத்துவர்கள் பயப்படுகிற காலம் இருந்தது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கிவரும் சிநேகா அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதைத் தொடர்ந்து எடுத்துச் சொன்னார்கள். 2000களின் தொடக்கத்தில் அரசு உடனடித் துணைத்தேர்வைக் கொண்டுவந்தது. முடிவு வந்த சில வாரங்களில் மறுபடி எழுதி, அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் அதன் பிறகு குறைந்தன. 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதையும் நிறுத்தினார்கள். இந்த இரண்டு முடிவுகளிலும் பிள்ளைகளுக்கு யாரும் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவரில் ஒரு கதவு வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதே சமயம் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அதனால் ரிசல்ட் வருகிற நாளுக்கு உங்கள் ஊர் ஒரு திட்டம் வைத்துக்கொள்ளலாம். பத்தாவது, பன்னிரண்டு எழுதிய பிள்ளைகளின் பட்டியல் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பு. முடிவு வருகிற காலையில் அந்த வீடுகளை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். தோற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், முதலில் அப்பா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் ஒண்ணும் கேக்காதீங்க, தனியா விடாதீங்க" என்று சொல்ல வேண்டும். அப்புறம் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேதியை அந்தப் பிள்ளையின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் குறைந்துபோன நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். 480 வாங்குவோம் என்று நினைத்து 430 வாங்கிய பிள்ளைக்கும் அன்று ராத்திரி ஆபத்தான ராத்திரிதான்.

இரண்டாவது, பூட்டு. உங்கள் ஊர் விவசாய ஊர் என்றால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

கோபத்திலோ அவமானத்திலோ ஒரு பிள்ளைக்குச் சாக வேண்டும் என்று தோன்றுவதற்கும் அது செயலாவதற்கும் நடுவே பல நேரம் சில நிமிஷங்கள்தான் இருக்கும். அந்தச் சில நிமிஷத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. நம் கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்து டப்பா கட்டிலுக்கு அடியிலோ பரண்மேலோ, மண்வெட்டி சாத்தி வைத்திருக்கும் மூலையிலோதான் கிடக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் சிநேகா அமைப்பு ஒரு முயற்சி செய்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு சேமிப்பு அறை கட்டி, உள்ளே விவசாயிகளுக்குத் தனித்தனியாகப் பூட்டுப் போட்ட பெட்டி. பூச்சிமருந்தை வாங்கியவுடன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கே வைத்துவிட வேண்டும். மருந்து அடிக்கிற நாளில் எடுத்துப் போய், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அங்கே விவசாயிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள். அறை கட்டிய ஊர்களில் பூச்சிமருந்தால் நடக்கிற தற்கொலை முயற்சிகளும் சாவுகளும் குறைந்தன. சின்ன அளவில் நடந்த ஆய்வு அது, அதை வைத்து எல்லா ஊருக்கும் சட்டம் போட முடியாது. ஆனால் ஒரு பழைய கூட்டுறவுக் கட்டடமும் சில இரும்புப் பெட்டிகளும் இருந்தாலே ஆரம்பித்துவிடலாம் என்பதால், செய்து பார்க்காமல் விட எனக்குக் காரணம் தெரியவில்லை. பெட்டியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போவதைவிடப் பொது அறை நல்லது. வீட்டுப் பெட்டியின் சாவி எங்கே தொங்குகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதையே நாட்டளவில் செய்து காட்டியது இலங்கை. 1995-ல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. மிகக் கொடிய விஷத்தன்மை உள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள்: 1990களில் ஒரு தொகுதி, 1998-ல் எண்டோசல்பான், 2008-லிருந்து பாராகுவாட் உட்பட இன்னும் சில. இருபது வருஷத்தில் அந்த 47 மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தத் தடைகளால் நெல் விளைச்சல் விழுந்துவிடவும் இல்லை. போரும் வறுமையும் இருந்த காலத்திலேயே இது நடந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தடை போடுவது அரசின் வேலை. உங்கள் ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவரிடம், பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வந்து கேட்டால் எதுவானாலும் கொடுக்காதீர்கள், எலி மருந்து உட்பட, என்று சொல்லி வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்து, அக்கா. பேச ஓர் ஆள்.

"டீச்சரிடம் சொல்லலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. கோவாவைச் சேர்ந்த சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு முன்னின்று நடத்தியது, 2018-ல் முடிவுகள் வெளியாயின. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சில பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பை மையமாக வைத்து நலத் திட்டம் ஒன்றை, அதற்கென்றே அமர்த்திய ஓர் ஆலோசகர் நடத்தினார். இந்த ஆலோசகர் மனநல டாக்டரோ சைக்காலஜி படித்தவரோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆள். வேறு சில பள்ளிகளில் அதே திட்டத்தை அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரே நடத்தினார். மிச்சப் பள்ளிகளில் வழக்கமான பாடம் மட்டும். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் கேலி கிண்டல், அடிதடி, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், ஒன்றுமே செய்யாத பள்ளிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் தலையில் ஏற்கெனவே எமிஸ் இணையதளப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று ஆயிரம் இருக்கிறது. தவிர, மார்க் போடுகிறவரிடம் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது. அவர் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவாரோ என்ற பயம் எப்போதும் உண்டு. அந்தப் பள்ளிகளில் ஆலோசகர் என்ன செய்தார் என்று பார்த்தால் பெரிய வித்தை ஏதும் கிடையாது: காலைக் கூட்டத்தில் ஒரு விஷயம் பேசுவது, மாணவர்களே எழுதி ஒட்டுகிற சுவர்ப் பத்திரிகை, மாதம் ஒரு போட்டி, தேவைப்பட்ட பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. அப்புறம், பிள்ளைகள் மனசில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி. இந்தப் பெட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் பார்த்த பள்ளிகளில் புகார்ப் பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில் தொங்கும், சாவி யாரிடம் என்றே தெரியாது, திறந்து பார்த்தால் சாக்லேட் பேப்பர் இருக்கும். பெட்டியை யாரும் பார்க்காமல் சீட்டுப் போடக்கூடிய இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியில் வையுங்கள். வாரம் ஒரு நாள், குறித்த நாளில், ஒரே ஆள் திறக்க வேண்டும். பெயர் போடாத கேள்விகளுக்குப் பதிலைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதில் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த சீட்டு விழும்.

ஐரோப்பாவிலும் இதை ஒட்டி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆசிரியர்களுக்கு ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள், நிபுணர்களை வைத்து ஆபத்தில் இருக்கிற பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார்கள், மூன்றாவது வகைப் பள்ளிகளில் பிள்ளைகளே தங்களுக்குள் நடித்துப் பார்த்தும் விவாதித்தும் மனச்சிக்கல்களைப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த மூன்றாவது வகையில்தான் தற்கொலை முயற்சிகள் பாதியாகக் குறைந்திருந்தன. ஆகவே டாக்டரைக் கூட்டிவந்து மைக் கொடுக்கிற திட்டத்தைக் கொஞ்சம் மாற்றி, பிள்ளைகள் பேச டாக்டர் கேட்கிற மாதிரி வைத்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் இந்த அக்கா யார்? 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண்களை யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னவர்கள். எந்த வீட்டில் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார்கள், எந்தப் பிள்ளை ஒரு மாதமாக முகம் வாடியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பையன்களுக்கு ஓர் அண்ணன் வேண்டும். கபடி சொல்லிக்கொடுக்கிற அண்ணனாக இருந்தால் இன்னும் நல்லது. இவர்கள் மருத்துவம் செய்யப் போவதில்லை. காது கொடுக்க வேண்டும், இரகசியம் காக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இரகசியத்தை உடைத்து உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 18 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை என்றால் 1098. மாநில அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. இந்த மூன்று எண்களையும் பள்ளிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். நோட்டீஸ் போர்டில் எழுதினால், அதைக் குறித்துக்கொள்கிற பிள்ளையைப் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

சாயங்காலங்களைப் பற்றிப் பேச ஐஸ்லாந்து வரை போக வேண்டியிருக்கிறது. 1998-ல் அந்த நாட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி தலைநகர் ரெய்க்யவிக் தெருவில் பெரியவர்கள் நடக்கவே தயங்குவார்களாம். 2016-ல் அந்த 42, 5 ஆகிவிட்டது. தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதம்.

எப்படி? ஒரே ஒரு மந்திரம் கிடையாது. வருஷா வருஷம் பிள்ளைகளிடமே பெயர் போடாத கேள்வித்தாள் கொடுத்து, எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், அப்பா அம்மாவோடு எவ்வளவு நேரம் பேசினாய் என்று கேட்டார்கள். அந்தந்தப் பள்ளி, அந்தந்தப் பகுதியின் முடிவை அந்தப் பெற்றோருக்கே சீக்கிரமாகக் காட்டினார்கள். நாட்டின் சராசரியைக் காட்டினால், "நம்ம பிள்ளை அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம் பள்ளியின் கணக்கு அப்படித் தப்பிக்க விடாது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் ராத்திரி பத்து மணிக்குமேல், கோடையில் பன்னிரண்டுக்குமேல் பெரியவர் துணை இல்லாமல் வெளியே சுற்றக் கூடாது என்ற விதி. பெற்றோர் கும்பலாகச் சேர்ந்து வார இறுதி இரவுகளில் தெருக்களில் ஒரு நடை நடந்து வருவார்கள். யாரையும் பிடிக்கவோ அடிக்கவோ இல்லை, சும்மா அங்கே இருந்தார்கள். இன்னொரு பக்கம், விளையாட்டு, இசை, நடனம் என்று எதில் வேண்டுமானாலும் சேர, ரெய்க்யவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கியது. பயிற்சி பெற்ற கோச்சுகளை வைத்தது. வாரம் நான்கு தடவையாவது முறையான விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் 1997-க்கும் 2012-க்கும் நடுவே 24 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள்.

ஐஸ்லாந்து நாலு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள பணக்கார நாடு. அங்கே உள்ள உள்விளையாட்டு அரங்கை நாம் கட்ட முடியாது. ஊரடங்கு மாதிரி விதி போட்டால் நம்மூரில் அது பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுவதில்தான் போய் முடியும், ஆகவே அதை எடுத்துக்கொள்ளவே வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, நம் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது: இருபது கேள்வி, பெயர் இல்லாமல், வருஷம் ஒரு தடவை. இன்னொன்று, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் போவதற்கு ஓர் இடம். ஒரு மைதானம், இரண்டு கம்பத்தில் விளக்கு, ஒரு கோச், குடிக்கத் தண்ணீர். ஊராட்சியில் விளக்குப் போட நிதி கேட்டால் கிடைக்கும். கோச்சுக்கு மாதச் சம்பளம்தான் சிக்கல். பந்து, வலை, ஜெர்சி வாங்க நன்கொடை தர எல்லோரும் வருவார்கள், பெயர் அச்சடிக்கலாம் அல்லவா? ஆனால் தினமும் வந்து நிற்கிற ஆளுக்குப் பணம் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. உங்கள் மன்றத்தின் பணத்தை அங்கே போடுங்கள்.

அந்த மைதானத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இளைஞர் மன்றம் என்றாலே நம் நினைப்பில் பையன்கள்தான் வருகிறார்கள். பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் மைதானத்தை விட்டுக் காணாமல் போகிறார்கள். வாரம் மூன்று நாள் அவர்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கி, ஒரு பெண் கோச்சை வைத்து, வீடு திரும்புகிற வழியில் விளக்குப் போட்டால் வருவார்கள். "கேட்டோம், யாரும் வரலை" என்று சொல்கிற ஊர்களில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்காது. பள்ளியை விட்டு நின்று மில் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிற பிள்ளைகளும் பதின்ம வயதுக்காரர்கள்தான். பள்ளி வழியாக மட்டுமே எல்லாவற்றையும் செய்தால் அவர்கள் விட்டுப்போய்விடுவார்கள்.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மைதானமும் நூலகமும் எந்தத் தெருவில் இருக்கின்றன? காலனிப் பிள்ளைகள் அங்கே கால் வைக்கத் தயங்கினால் அது பொது இடமே இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, அவன் பள்ளியில் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிறு வரைக்கும் அது பேசியது. பதினாலு வயதுப் பிள்ளையின் மனநலம் என்று நாம் பேசுகிற விஷயத்தில், தினமும் படுகிற அவமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மன்ற நிர்வாகிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள், எந்தெந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள் என்று. வேலை அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கலாம்.

உடம்பு விஷயத்தில் நிறையச் சொல்லலாம், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் தூக்கம் வருவது, சிடுசிடுப்பு எல்லாவற்றையும் "சோம்பேறி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இதற்காக வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அரசு பள்ளியிலேயே கொடுக்கிறது. அந்த மாத்திரை நாளில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை வெறும் வயிற்றில் போடுகிறது. கொஞ்ச நேரத்தில் வயிறு பிசைகிறது. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, வெளியே போய்த் துப்பிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே நீல மாத்திரை கிடக்கும். இதற்குத் தீர்வு சொற்பொழிவில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும், டீச்சரும் கூடவே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டு கொடுத்தால் சத்து நன்றாகச் சேரும். ஊரில் நெல்லி மரம் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு கூடை கொடுக்க முடியாதா? அதே கையோடு பள்ளிக் கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. மாதவிடாய் நாள்களில் அவர்கள் பள்ளிக்கே வருவதில்லை.

நீங்கள் இரண்டு பிள்ளைகளை இழந்ததைச் சொன்னதால் இதையும் எழுத வேண்டும். ஓர் இளைஞன் தற்கொலையால் இறந்தால் நம் ஊர்களில் மறுநாளே சந்தியில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிடுகிறார்கள். சினிமா நாயகன் மாதிரி கண்ணாடி போட்ட படம், இறக்கை, மேகம், "எங்கள் சிங்கமே" என்று வாசகம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அவன் பாட்டு. நண்பர்களின் துக்கம் உண்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கிற இன்னொரு பிள்ளை அந்த ஃபிளெக்ஸைப் பார்த்து, செத்தால்தான் ஊர் நம்மை இப்படித் திரும்பிப் பார்க்கும் என்று எண்ணிவிடும். ஒரு சாவு அடுத்த சாவைக் கூட்டிவருவது இளைஞர்களிடையே உலகம் முழுக்கப் பார்த்திருக்கிற விஷயம். அதனால் ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று மன்றமே முடிவெடுங்கள், அதற்கு ஆகிற பணத்தை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள். எப்படி இறந்தான் என்ற விவரத்தைப் பேசித் திரியாதீர்கள், காதல், மார்க் என்று ஒற்றைக் காரணம் கட்டாதீர்கள். இறந்தவனின் நெருங்கிய நண்பர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அடுத்த சில மாதங்களுக்கு அவர்களை யாராவது தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் மறந்துவிடும், அவர்களால் மறக்க முடியாது. ஒருவன் வாடிப்போயிருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும்.

எங்கிருந்து தொடங்குவது? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை, கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். சீட்டுப் பெட்டி, தாழ்ப்பாள், ரிசல்ட் நாள் திட்டம் மூன்றையும் அங்கே முடிக்கலாம். மைதானம், விளக்கு, மருந்து சேமிப்பு அறை, பள்ளி அருகே உள்ள கடை எல்லாம் கிராம சபைக்குரியவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. அடுத்து வருகிற சபைக்கு ஒரே ஒரு தீர்மானத்தோடு போங்கள், பத்து வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிப்போங்கள். ஓட்டு இல்லை என்பதால் பேசக் கூடாது என்று யாராவது சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கு யார் நடப்பது என்று அன்றே பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.